பண்ணைக்கு நிலம் தேடுகிறீர்களா? பாதை, கிணறு, அப்புறம் தங்கச்சி கையெழுத்து

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாலைந்து ஏக்கர் வாங்கி, நண்பர்களோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து ரசாயனம் போடாமல் விவசாயம் பார்க்கலாம் என்று யாராவது நினைத்திருந்தால், முதல் புரோக்கருக்குப் போன் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் நான்கு குடும்பம். எல்லாரும் சேர்த்துப் போட்டது நாற்பது லட்சம். ரெண்டு வருஷத்துக்கு மேல் அலைந்து, மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக விட்டு, இன்றைக்கு எங்கள் பெயரில் ஒரு சென்ட் கூட இல்லை. ஆனாலும் விவசாயம் நடக்கிறது. அந்தக் கதை கடைசியில் வரும். மற்ற மூன்று குடும்பமும் பெங்களூரிலும் சேலத்திலும் இருக்க, நான் மட்டும் தருமபுரியில் இருப்பதால் நிலம் பார்க்கும் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போவேன். போகிற இடமெல்லாம் முதல் கேள்வி, "சார் வரலைங்களா மேடம்?" என்பதுதான். ஒரு புரோக்கர், விலையை என்னிடம் சொல்லாமல் என் கணவர் நம்பரை வாங்கி அவரிடம் சொன்னார். அவருக்குக் கேழ்வரகுக்கும் சாமைக்கும் வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம்.

எங்களுக்கு வேண்டியது வளமான நிலமே இல்லை. ஓய்ந்துபோன செம்மண் கொல்லையாக (மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்போம்) இருந்தாலும் சரி, பலதானியம் விதைத்து மடக்கி உழுது, இலைதழையால் மண்ணை மூடி மூடாக்குப் போட்டு, ராத்திரியில் ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்டு, சரிவைப் பார்த்து வரப்பு கட்டினால் நாலைந்து வருஷத்தில் மண் தேறும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை பொய்யாகவில்லை. மண்ணைத் தேற்றிவிடலாம். பாதை இல்லாத நிலத்துக்குப் பாதையையும், ஆறு பங்காளிக்குச் சொந்தமான கிணற்றில் தண்ணீரையும், மனக்கசப்பில் இருக்கும் பக்கத்து நிலத்துக்காரரிடம் நட்பையும் எத்தனை வண்டி எரு அடித்தாலும் கொண்டுவர முடியாது. பண்ணை என்றால் எல்லாரும் மண் பரிசோதனையைத்தான் முதலில் சொல்கிறார்கள். பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே மண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அது வரிசையில் கடைசியாக வர வேண்டிய வேலை.

முதலில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேடினோம். பெங்களூர் நண்பர்களுக்குக் கிட்டம் என்பதால் ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை சுற்றுவட்டம். அங்கே நிலம் விவசாயத்துக்கு விற்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஓசூரைச் சுற்றி வந்த, வரப்போகிற தொழிற்சாலைகள், 2024-இல் அறிவித்த விமான நிலையம், இதையெல்லாம் சொல்லிச் சொல்லியே விலை ஏறுகிறது. மானாவாரிக் கொல்லைக்கு ஏக்கர் எழுபது, எண்பது லட்சம் கேட்டார்கள். கேழ்வரகு போட்டு அந்த முதலை எடுக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று கணக்குப் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. சில இடங்களில் மாந்தோப்பைக் காற்காணி, அரைக்காணியாக வெட்டி, வேலியும் கேட்டும் போட்டு, "பண்ணை வாழ்க்கை" என்று வார இறுதிக்கு வருகிறவர்களுக்கு விற்கிறார்கள். எங்கள் நான்கு குடும்பத்தில் ஒருவருக்கு அதில் ஒரு கண் இருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விலை இறங்கிய இடம் அஞ்செட்டி பக்கம். காப்புக்காட்டை ஒட்டி அருமையான சரிவு, ஓரத்தில் ஓடை. போனது கேழ்வரகு பால் பிடிக்கிற சமயம். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு பெரியவர் வேப்பமரத்தின் மேல் கட்டியிருந்த பரணைக் காட்டினார். மேலே கிழிந்த போர்வை, ஒரு டார்ச், ஒரு தகர டப்பா. "ராத்திரி பூரா இங்கதாம்மா. எங்க பசங்க ஸ்கூல்ல தூங்கறாங்க" என்றார். யானைகள் கர்நாடகக் காடுகளிலிருந்து இந்தப் பக்கம் இறங்குவதும் கேழ்வரகு முற்றுவதும் ஒரே பருவத்தில்தான். மாசி, பங்குனியில் போய்ப் பார்த்திருந்தால் அந்தப் பரணைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நானும் கவனித்திருக்க மாட்டேன். காட்டோரம் நிலம் பார்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போங்கள். பகலில் போய்ப் போட்டோ எடுப்பதைவிட, ராத்திரி யார் யார் காவலுக்குப் போகிறார்கள் என்று டீக்கடையில் கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும். இருக்கிற யானைத் தடத்தில் நாங்களும் ஒரு வேலி போடுவதா என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. அந்தப் பக்கம் என்னை இழுத்தது சித்தேரிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கிற சித்திலிங்கி. 1993-இல் இரண்டு டாக்டர்கள் வந்து மலையாளிப் பழங்குடி மக்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பணி, பிறகு இயற்கை விவசாயிகள் சங்கமாகவும் பெண்களின் தையல் வேலையாகவும் விரிந்த இடம் அது. அந்த வட்டாரத்தில் ஒரு விவசாயியிடம் பேசியபோது, "நிலத்தை வாங்கிட்டு வந்து ஆளுங்களைத் தேடறீங்களா? இங்க ஆளுங்க இருந்தாங்க, அவங்க நிலம் இருந்துச்சு" என்றார். மலை மக்களின் நிலத்தை வெளியாட்கள் நாம் போய் வாங்குவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தோம். கீழே சமவெளியில் பார்த்த ஒரு நிலம் பிடித்திருந்தது, விலையும் நியாயம். பக்கத்துக் கொல்லைக்காரர்தான் ஒரு மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லைக் காட்டினார். சேலம், சென்னை எட்டு வழிச் சாலைக்கு 2018-இல் அளந்தபோது நட்டது. 2019-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு மறுபடியும் தொடங்கலாம் என்று விட்டது. சாலை வருமா வராதா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. விற்பவர் மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாலை மட்டுமில்லை, கேஸ் குழாய், உயர் அழுத்த மின்கோபுரம் எல்லாம் இந்த இரண்டு மாவட்டத்துக்குள் போகின்றன. குழாய் போகிற பட்டையில் மரம் வைக்கவோ கிணறு வெட்டவோ முடியாது. பட்டாவில் இதெல்லாம் இருக்காது. சர்வே நம்பரை எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் வாய்விட்டுக் கேட்க வேண்டும், அதையே அக்கம்பக்கத்திலும் கேட்க வேண்டும்.

காரிமங்கலம் பக்கம் ஒரு நிலம் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. இவ்வளவு மலிவாக வந்தாலே ஏதோ இருக்கிறது என்று பொருள். பழைய பதிவேட்டைப் பார்த்த ஒருவர் சொன்னார், பஞ்சமி நிலம். 1892-இல் ஆங்கில அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. அவர்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது. கைமாறியிருந்தால் அந்தக் கிரயம் செல்லாது. புரோக்கரோ, "அதெல்லாம் முப்பது வருஷமா பட்டா மாறியே இருக்குது மேடம்" என்றார். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரோடு சேர்ந்து பண்ணை வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்த ஊர்ச் சேரியின் நிலத்தில் போய் உட்கார எப்படி மனசு வரும்? ஏழைகளுக்கென்று தானமாக வந்த பூதான நிலம், நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலம் இவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். கணினிப் பட்டாவை மட்டும் நம்பாமல் அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நிலக் கணக்கு), 1980-களில் பட்டா புதுப்பித்ததற்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி பணம் போன கதை. பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் ஐந்து ஏக்கர் இருபது சென்ட். ஏக்கர் ஆறரை லட்சம். ஓரத்தில் நாலு புளியமரம், கீழ்க்கோடியில் பொதுக் கிணறு. அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரில் கூட்டுப் பட்டா. வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குச் சுத்தம். எல்லாருக்கும் சந்தோஷம். ரெண்டு லட்சம் முன்பணம், மூன்று மாதத் தவணை, கிரய ஒப்பந்தத்தைப் பதிவும் செய்தோம். தாய்ப்பத்திரத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "மேற்படி பூமிக்குச் சேர்ந்த பொதுக் கிணற்றில் ஆறில் ஒரு பாகமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும் உள்பட." படிக்க நன்றாகத்தான் இருந்தது. நேரில் போனால், ஆறில் ஒரு பாகம் என்பது ஆறு நாளைக்கு ஒருமுறை மோட்டார் போடும் உரிமை. கோடையில் அந்தக் கிணறு ஒரு மணி நேரம்தான் தாங்கும். மின் இணைப்பு இறந்துபோன பெரியப்பா பெயரில். புதிதாக விவசாய இணைப்பு கேட்டால் காத்திருப்புப் பட்டியல் நீளம். தட்கலில் வாங்குவதென்றால் 5 எச்பி மோட்டாருக்கே ரெண்டரை லட்சம். மாமூல் தடமோ, அதாவது வழக்கமாக வண்டி போய்வரும் பாதையோ, சித்தப்பா மகன் கொல்லை வழியாகப் போகிறது, நில அளவைப் புலப்படத்தில் அப்படி ஒரு கோடே இல்லை. சித்தப்பா மகனும் இவர்களும் பேசி எட்டு வருஷம் ஆகிறது. எங்களைப் பார்த்ததும் அவர் தடத்தில் ஒரு டிராக்டர் கல்லைக் கொட்டிவைத்தார்.

கிணறு போதாது, போர் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய அண்ணன் சொன்னார். தண்ணீர் இருந்தால்தான் வாங்குவோம், போர் செலவு எங்களுடையது என்று பேச்சு. நிலத்தடியில் தண்ணீர் எங்கே என்று பார்க்கத் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து நடந்தவருக்கு ஒரு இடத்தில் அது நிமிர்ந்து நின்றது, ரெண்டாயிரம் வாங்கிக்கொண்டார். போர் போடும் திருச்செங்கோட்டு வண்டி ராத்திரி பத்து மணிக்கு வந்தது. 240 அடியில் மண் ஈரமாக வந்தபோது பெரியவர்கள் சாமி கும்பிட்டார்கள். அப்புறம் வெறும் புகை. கம்ப்ரசர் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. டிரைவர் அடிக்கடி கற்பொடியை உள்ளங்கையில் வாங்கி டார்ச் அடித்துப் பார்த்து, "கல்லு மாறுதுக்கா, இன்னும் நூறடி போலாம்" என்று சைகை காட்டுவார். நானும் தலையை ஆட்டுவேன். ஆழம் கூடக்கூட அடிக்கு விலையும் கூடும் என்பது பில் வந்தபோதுதான் உறைத்தது. 900 அடியில் நிறுத்தினோம். விடிந்து பார்த்தால் பக்கத்துக் கொல்லையின் அவரைச் செடியெல்லாம் மாவு தூவியது போல் வெள்ளை. அதற்கும் ஒரு சண்டை. ஒரு லட்சத்து முப்பதாயிரம் போனது. வேளாண் பொறியியல் துறையில் கருவி வைத்து நிலத்தடி நீர் பார்த்துத் தருகிறார்கள், கட்டணமும் பெரிதில்லை. அதைவிட எளிது, சுற்றிலும் உள்ள போர்கள் எத்தனை அடி, எத்தனை வருஷம் ஓடின, எப்போது நின்றன என்று கேட்பது. அந்த ஊரில் ஓடாத போர்கள்தான் அதிகம் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். ஓடும் போர் ஒன்றின் தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்ததில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த மாவட்டங்களுக்கு ஏன் வந்தது என்பதை யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. பிள்ளைகள் வந்து தங்கிச் சாப்பிடும் பண்ணை என்றால், பயிருக்குத் தண்ணீர் வேறு, குடிக்கத் தண்ணீர் வேறு என்று இரண்டாகக் கேளுங்கள். ஒகேனக்கல் குழாய் அந்தக் குக்கிராமம் வரை வருகிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு, விலையைக் குறைத்தால் மானாவாரியாகவே வாங்கலாம் என்றுதான் இருந்தோம். வக்கீல் வாரிசுச் சான்று கேட்டார். அதில் நாலு பெயர். மூன்று மகன்கள், ஒரு மகள். அப்பா இறந்தபின் மகன்கள் வாய்மொழியாகப் பாகம் பிரித்து, பட்டாவையும் தங்கள் பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம் மட்டும்தான் வரும், வாய்ப்பேச்சில் நடந்த பாகமோ சாவோ வராது. மகளுக்குச் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே வந்த சட்டம், 2005-இல் நாடு முழுக்க வந்தது. அந்த அக்காவைத் தேடிப் போனேன். பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. பெட்டி மேல் உட்கார்ந்து, கை நிற்காமல் காயைப் பிரித்துக்கொண்டே பேசினார். "எங்கப்பன் நெலம்தாம்மா. கையெழுத்துப் போடுன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேக்கல. கேட்டா பாகம் கேப்பேன்னு பயம்." சரி, கேட்பீர்களா என்றேன். "கேட்டா அப்புறம் அம்மா வீட்டு வாசல்ல கால் வைக்க முடியுமா?" என்றார். கேட்கவும் மனசில்லை, விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. எங்கள் அவசரத்துக்கு அவரை அழுத்திக் கையெழுத்து வாங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அன்றைக்கே அந்த நிலம் வேண்டாம் என்றாகிவிட்டது. அண்ணன்கள் அவருக்கு எதுவும் தர ஒப்பவில்லை. முன்பணம் பெரிய அண்ணன் மகளின் காலேஜ் பீஸுக்குப் போயிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் வைத்துப் பேசி, தவணை தவணையாக ஒன்றேகால் லட்சம் திரும்பி வந்தது. எழுபத்தைந்தாயிரம் வரவில்லை. வழக்குப் போடலாம், அந்த ஊரோடு நமக்கு வேலை இல்லை என்றால். பட்டா பார்க்கும் முன்பே வாரிசுச் சான்றைக் கேளுங்கள், அக்கா தங்கைகளை நேரில் போய்ப் பாருங்கள். இதற்கு ஒரு டீ செலவுதான்.

இதற்கிடையே எங்களுக்குள்ளும் விரிசல். பணம் யார் கணக்கில் இருப்பது, பத்திரம் யார் பெயரில், பாதியில் ஒருவர் விலகினால் என்ன விலை, இதையெல்லாம் ஆரம்பத்தில் பேசினால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகும் என்று கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டிருந்தோம். பண்ணையில் ஆளுக்கு முப்பது சென்ட் வீட்டுக்கு வேண்டும் என்று ஒரு குடும்பம் பிடிவாதமாக நின்றது. பிரிபடாத பாகமாக நான்கு பேர் வாங்கினால், நாளை ஒருவர் பிள்ளை தன் பாகத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று வக்கீல் சொன்னபோது எல்லாரும் மௌனமானோம். வீட்டுக்கு இடம் கேட்ட அந்தக் குடும்பத்தார் விலகினார்கள். நல்லபடியாகத்தான் விலகினார்கள், ஆனால் இன்றும் பேச்சு முன்போல் இல்லை. எனக்குச் சில மாதம் போன் மணி அடித்தாலே வயிற்றைப் பிசையும். வீட்டிலும், "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்ற பேச்சு. எழுத்தில் போட வேண்டியதை முதல் ரூபாய் சேரும் முன்பே எழுதிவிடுங்கள். கணக்கில் இன்னொன்று: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முப்பது லட்சம் நிலத்துக்கு ரெண்டு லட்சத்து எழுபதாயிரம் அதற்கே எடுத்து வைக்க வேண்டும். பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

இப்போது விவசாயம் செய்வது நாலு ஏக்கர் குத்தகை நிலத்தில். பென்னாகரம் பக்கம், ஒரு பாட்டியின் கொல்லை. மகன்கள் ரெண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை. இந்த மாவட்டத்தில் இப்படிச் சும்மா கிடக்கிற கொல்லைகள் ஏராளம், பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கும். விற்க மாட்டார்கள், விதைக்கவும் ஆளில்லை. குத்தகைக்குக் கொடுக்கவும் பயம், 1955-ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிலத்தை விடமாட்டார்கள் என்று. பாட்டி என்னை மூன்று மாதம் கவனித்துவிட்டுத்தான் சரி சொன்னார். ஐந்து வருஷக் குத்தகை, ஏக்கருக்கு வருஷம் ஒன்பதாயிரம், அறுவடையில் ஒரு மூட்டை கேழ்வரகு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், செய்தோம். மகன்கள் இருவரையும், மகளையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தேன். பாதை ஊராட்சி மண்சாலை, எவர் கொல்லையும் குறுக்கே இல்லை.

ஆடியில் கேழ்வரகு, நாலு சாலுக்கு ஒரு சால் அவரையும் துவரையும். இது நாங்கள் கற்றுக்கொடுத்தது இல்லை. களையெடுக்க வந்த பெண்கள், "தனிக் கேவுரு போட்டா மாட்டுக்கு என்னா, கொழம்புக்கு என்னா?" என்று கேட்டு அவர்களே விதை கொண்டுவந்தார்கள். மேற்கு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கும் என்றும், அங்கே வரப்பை எங்கே உடைக்க வேண்டும் என்றும் சொன்னது அவர்கள்தான். அவரையை அவர்களே பறித்துப் பென்னாகரம் சந்தையில் விற்று, வேலை செய்த நாள் கணக்கில் பிரித்துக்கொள்கிறார்கள். அறுவடை முடிந்ததும் பக்கத்து ஊர் ஆட்டுக்காரர் கிடை போட ஒப்புக்கொண்டிருக்கிறார், ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் விடுபட்டது மரம். ஐந்து வருஷக் குத்தகை நிலத்தில் புளியங்கன்று வைத்தால் பலன் யாருக்கு என்று எழுதவில்லை. மரம் நிலத்துக்காரருக்கு, குத்தகைக் காலம் வரை காய் பாதிப் பாதி என்று கேட்டிருக்கிறேன். பாட்டி சரி என்றுவிட்டார். மரம் நின்றால் பிறகு வீட்டு மனைக்கு விலை போகாது என்கிறார் பெரிய மகன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார், அப்போது உட்கார்ந்து பேச வேண்டும்.